வாட்ச் கழற்றும் கட்டம்

வேலைக்குச் சேர்ந்த அன்றே, அங்கே படம் வரைகிற அக்கா என்னை அறைந்தாள். கோபமெல்லாம் இல்லை. ஒரு சத்தம் எப்படி இருக்கும் என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, அவ்வளவுதான். அவள் வரைந்திருந்த பக்கத்தில் ஒரு பேய், வாடகைக்குக் குடியிருப்பவனைக் கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நான் ‘பளார்’ என்று பெரிதாக எழுதி வைத்திருந்தேன். அவள் அதை உற்றுப் பார்த்தாள்.

“இது கைதட்டற சத்தம் தம்பி. கன்னத்துல விழுற சத்தம் இது இல்ல.”

“எல்லாரும் இப்படித்தான்க்கா எழுதறாங்க” என்றேன். எழுத்து என் இலாகா, இந்த அம்மாளுக்கு என்ன தெரியும் என்ற திமிர்தான். சொல்லி வாய் மூடவில்லை, விழுந்தது.

“இப்ப சொல்லு, என்ன சத்தம் கேட்டுச்சு?”

உண்மையில் சத்தமே கேட்கவில்லை. காதுக்குள் ஏதோ விசில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதைத்தான் சொன்னேன். “அதான். பக்கத்துல நிக்கறவனுக்குத்தான் சத்தம் கேக்கும். வாங்குறவனுக்குக் கேக்காது” என்று சொல்லி, என் ‘பளாரை’ அடித்துவிட்டு, கன்னத்திலிருந்து காது வரை ‘ங்ங்ங்’ என்று எழுத வைத்தாள். புத்தகம் வந்தபோது வாசகர்கள் அந்த ‘ங்ங்ங்’ பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் கன்னம் மட்டும் சிரிக்கவில்லை.

பினாங்கில், ஜார்ஜ் டவுனில் லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே ஊதுபத்திக் கடை. பாஸ் அதுவரை கல்யாணப் பத்திரிகையும் நாட்காட்டியும் அச்சடித்து வந்தவர். நம் மலேசியாவிலேயே எடுத்த தமிழ்ப் பேய்ப் படம் ஒன்று அப்போது சக்கைப் போடு போட்டது. தாமான் குடியிருப்பில் இருந்த வீடு ஒன்றின் சொந்தக்காரர் செத்த பிறகும் வீட்டை விட்டுப் போகாமல், வாடகைக்கு வருகிற குடும்பத்தை எல்லாம் போட்டு அடிப்பதுதான் கதை. விளக்கை அணைக்காமல் போனால் அடி, கதவைச் சத்தமாகச் சாத்தினால் அடி. தியேட்டரே குலுங்கியது. கோலாலம்பூரில் இருந்த தயாரிப்பாளரைப் பாஸ் எப்படியோ பிடித்து, அந்தக் கதையைக் காமிக்ஸ் வரிசையாகப் போட உரிமை வாங்கிவிட்டார். ‘வீட்டுக்காரர் வந்துட்டார்’ என்று பெயர். அக்கா படம் வரைந்தாள். நான் பலூன்களுக்குள் வசனம் எழுதினேன். பாஸ் எங்கள் இருவரையும் திட்டினார்.

ஒரு சிக்கல் இருந்தது. படத்தில் பேயின் முகத்தைக் காட்டவே மாட்டார்கள். வெள்ளைச் சட்டை, புகை, ஒரு குரல், அவ்வளவுதான். அடி வாங்குகிறவன் தலை மட்டும் பட்டென்று திரும்பும். சினிமாவில் அது போதும். காமிக்ஸில் பக்கத்துக்குப் பக்கம் புகையையே வரைந்தால் எவன் வாங்குவான்? முகம் வேண்டும்.

அக்கா முகத்துக்கு எங்கும் போக மாட்டாள். நம் தமிழ்ப் பத்திரிகைகளில் நினைவஞ்சலிப் பக்கம் என்று ஒன்று வருமே, காலையில் கோப்பிக் கடையில் எல்லாரும் முதலில் புரட்டுகிற பக்கம், அதை வெட்டி வெட்டிச் சுவர் முழுக்க ஒட்டி வைத்திருந்தாள். ‘அன்பே உருவான எங்கள் தந்தை’, ‘எங்களை மீளாத் துயரில் ஆழ்த்திச் சென்ற’ என்று அத்தனை பேரும் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவருடைய மூக்கு, இன்னொருவருடைய மீசை என்று கலந்து அவள் கதைக்கு ஆள் பிடிப்பாள். ஏன்க்கா உயிரோடு இருப்பவர்கள் படமே கிடைக்கவில்லையா என்று கேட்டால், “பேய்க்குச் செத்தவன் மூஞ்சிதானே பொருந்தும்? உன் மூஞ்சியக் குடு, போடறேன்” என்பாள்.

வீட்டுக்காரர் முகத்தையும் அந்தப் பக்கத்திலிருந்துதான் எடுத்தாள். அகன்ற நெற்றி, படிய வாரிய முடி, கோயில் தலைவர் மாதிரி சாந்தமான சிரிப்பு. ஆனால் இவரை மட்டும் அவள் யாரோடும் கலக்கவில்லை. மூக்கும் அவருடையது, மீசையும் அவருடையது. அந்தப் பத்திரிகைத் துண்டை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, பார்க்காமலேயே வரைந்துகொண்டே போனாள். எனக்கு அது வியப்பாகத்தான் இருந்தது, கேட்கவில்லை. கேட்டால் கை வரும்.

அக்காவின் கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். படம் வரைகிறவளின் கை என்றால் மெல்லியதாக இருக்கும் என்று நினைப்போம். இவளுடையது தோசைக்கல் பிடித்த கை மாதிரி இருக்கும். நடுவிரலில் பேனா பிடித்துக் காய்த்த தடம். அந்தக் கையால் பூனை மீசையும் வரைவாள், ஆளையும் சாய்ப்பாள். பேசிக்கொண்டே இருப்பாள், வாயை முந்திக்கொண்டு கை போய்விடும். சாமான் கொண்டு வருகிறவன், மின்சாரக்காரன், ஒரு தடவை பாஸே கூட வாங்கியிருக்கிறார். அடித்து முடித்த அடுத்த நொடி, “சாப்ட்டியா?” என்று கேட்பாள். நான் அவளை நல்லவள் என்று சொல்ல வரவில்லை. அவளிடம் வேலை பார்த்த நாளெல்லாம் எனக்குப் பயம் இருந்தது. அதைவிடப் பெரிய பிரியமும் இருந்தது. இரண்டையும் பிரித்து எடுக்க எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் மத்தியானம் நாசி கண்டார் சோற்றுக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த மேசையில் ஒருவன், குழம்பு காரம் என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியின் பின்மண்டையில் விரலால் சுண்டினான். பெரிய அடியெல்லாம் இல்லை. ஏதோ பழக்கதோஷம் போலச் செய்துவிட்டு மறுபடியும் சாப்பிட ஆரம்பித்தான். அக்கா எழுந்தாள். தன் தட்டை அப்படியே கொண்டுபோய் அவன் மடியில் கவிழ்த்தாள். மீன் தலை, வெண்டைக்காய், குழம்பு எல்லாம் அவன் மடியில். அவன் வெந்து துள்ளினான். வேடிக்கை என்னவென்றால் அந்த மனைவிதான் பாய்ந்து வந்து அக்காவின் முடியைப் பிடித்தாள். “எம் புருஷன் மேல கை வைக்க நீ யாரு லா?” என்று நாலு அறை. அக்கா திருப்பி அடிக்கவில்லை. வாங்கிக்கொண்டு நின்றாள். உதடு கிழிந்து சட்டையெல்லாம் இரத்தம். திரும்பி வரும்போது நான்தான் அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

“அவளைத் திட்டாத. அவன அடிக்க முடியாம என்ன அடிச்சா. எனக்கு விழுந்த அடி எனக்கு இல்ல” என்றாள் அக்கா. “சொல்லாம அடிக்கறவன் கோவக்காரன் தம்பி. என்ன மாதிரி. கோவம் போச்சுன்னா ஆளு சரியாப் போயிடுவான். ஏற்பாடு பண்ணிட்டு அடிக்கறான் பாரு, கதவச் சாத்திட்டு, டிவி சத்தத்த ஏத்திட்டு... அவன்தான் ஆபத்து.”

அதென்ன ஏற்பாடு என்று இரண்டாம் புத்தகத்தில்தான் புரிந்தது. வீட்டுக்காரர் அதில் அடிப்பதற்கு முன்னால் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றுகிறார். மெதுவாகப் பட்டையை அவிழ்த்து, அதைப் பிரிட்ஜ் மேல் பத்திரமாக வைத்துவிட்டு, அப்புறம் திரும்பி வந்து அறைகிறார். படத்தில் இப்படி எதுவும் கிடையாது. பாஸ் தலையில் கைவைத்தார். “பேய்க்கு எதுக்கும்மா வாட்ச்? அது டைம் பார்த்தா வருது?” என்றார். ஆனால் வாசகர்களுக்கு அது பிடித்துவிட்டது. மண்டையை உடைக்கப் போகிற பேய், வாட்ச் உடைந்துவிடக் கூடாது என்று அவ்வளவு அக்கறைப்படுகிறதே என்று சிரித்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதை விளையாட ஆரம்பித்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். ஒருவன் இல்லாத வாட்சைக் கழற்றுவான், மற்றவன் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைக் காட்டுவான். தயாரிப்பாளரே போன் போட்டு, அடுத்த படத்தில் இதை வைத்துக்கொள்கிறேன் என்றார்.

இன்னொன்றும் செய்தாள். வாட்சைக் கழற்றுகிற கட்டத்துக்கும் அறை விழுகிற கட்டத்துக்கும் நடுவில் ஒரு கட்டம் போடுவாள். அதில் ஒன்றுமே நடக்காது. பிரிட்ஜ் பக்கம் திரும்பி நிற்கிற வீட்டுக்காரரின் முதுகு, இந்தப் பக்கம் அடி வாங்கப் போகிறவள், பின்னால் திறந்திருக்கும் வாசல் கதவு. எனக்கு அதில் எழுத ஒரு எழுத்துகூட இருக்காது. பாஸ் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டால் பக்கம் மிச்சமாகும் என்று நச்சரித்தார். அவர் தானே கத்தரி போட்ட ஒரு பக்கத்தை அக்கா அவர் முன்னாலேயே கிழித்து அவர் சட்டைப் பைக்குள் திணித்தாள். “அந்தக் கட்டம் இருக்கணும். அது இல்லாட்டி நீங்களே வரைஞ்சுக்கோங்க” என்றாள். பிறகு மறுபடியும் முழுப் பக்கத்தையும் வரைந்தாள். அந்தக் கட்டம் எதற்கு என்று அவளிடம் அப்போதும் யாரும் கேட்கவில்லை. சிரிப்பதற்கு முன்னால் மூச்சு விட ஒரு இடைவெளி என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் புத்தகம் வந்த பிறகு ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் மாடியேறி வந்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். பாயான் பாருத் தொழிற்சாலைச் சீருடையோடு அப்படியே வந்திருந்தாள். முகத்தில் நிறைய பவுடர். இடது கண்ணோரத்தில் பவுடர் மட்டும் திட்டாக அப்பியிருந்தது. பையிலிருந்து எங்கள் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

“இத வரைஞ்சது யாரு?”

“நாந்தான்” என்றாள் அக்கா. நான் மூலையில், கடையிலிருந்து தாப்பாவ் கட்டி வந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். என்னை வெளியே போகச் சொல்ல இருவருக்குமே தோன்றவில்லை.

“உங்களுக்கு யாரு சொன்னா? இந்த வாட்ச் விஷயம்?” அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. “நான் யார்கிட்டயும் சொல்லலைக்கா. பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது.”

அக்கா பேனாவை மூடி வைத்தாள். “எங்க வைப்பான்?”

“பிரிட்ஜ் மேல.”

நான் எடுத்த கவளத்தைத் திரும்பப் பொட்டலத்திலேயே வைத்தேன். அந்தப் பெண் தொடர்ந்து சொன்னாள். முதல் புத்தகம் வந்தபோது அவள் கணவன் நாலைந்து வாங்கிக்கொண்டு வந்தானாம். பேய் அப்படியே எங்கப்பா மாதிரி இருக்குடி என்று சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் காட்டினானாம். இரண்டாம் புத்தகத்தில் வாட்சைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நீதான் போய் வெளியே சொல்லியிருக்கிறாய் என்று பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு புத்தகம் வரும்போதும் அவளுக்கு விழுகிறது.

“அந்த வாட்ச மட்டும் எடுத்துடுங்கக்கா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“எடுத்துட்டா அடிக்க மாட்டானா?”

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். “கம்மியா அடிப்பாரு” என்றாள்.

அந்தப் பதிலுக்கு யாருக்காவது ஒரு அறை விழும் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அக்காவின் கை மேசையை விட்டு அசையவில்லை. “உன் மாமியார் எப்படிச் செத்தாங்கன்னு உன் புருஷன் சொல்லியிருக்கானா?” என்று கேட்டாள்.

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்களாம். அவரு சின்னப் பையனா இருக்கறப்போ.”

“நான் அவங்க தங்கச்சி” என்றாள் அக்கா.

அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. மேசையில் கவிழ்ந்து கிடந்த துண்டில் சாந்தமாகச் சிரித்த மனிதர் அவளுடைய அத்தான். அக்காவை வளர்த்து ஆளாக்கிய மூத்தவளின் கணவர். வெளியே கோயில் கமிட்டி, பிறருக்கு உதவி, மரியாதை. வீட்டுக்குள் வாட்சைக் கழற்றிப் பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுத் திரும்புவார். அந்த வீட்டில் தங்கிப் படித்த அக்கா, அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, வாட்ச் பிரிட்ஜ் மேல் படுகிற ‘டக்’கென்ற சத்தத்தை மட்டும் கேட்டிருக்கிறாள். மூத்தவள் குளியலறையில் விழுந்து செத்ததாகச் சொன்ன அன்று, ஊரே கூடியிருக்க, பிணத்துக்கு முன்னாலேயே செருப்பைக் கழற்றி அத்தானின் அந்தச் சாந்தமான முகத்தில் மாறி மாறி அடித்திருக்கிறாள். நாலு ஆண்கள் தூக்கிக்கொண்டுபோய் வெளியே போட்டார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியை அவள் மிதிக்கவில்லை. பையனை அப்பா வீட்டார் வளர்த்தார்கள். அத்தான் வயதாகி, நெஞ்சு வலியில், நல்ல சாவு செத்தார். மகன் ஆண்டுதோறும் நினைவஞ்சலி போட்டான். அக்கா ஆண்டுதோறும் அதை வெட்டி வைத்தாள்.

“அவன் வாட்சக் கழட்டறப்போ நீ என்ன பண்ணுவ?” என்று அக்கா அந்தப் பெண்ணைக் கேட்டாள்.

“நின்னுக்கிட்டு இருப்பேன்.”

“ஏன்?”

“தெரியலக்கா. அவரு கழட்டி முடிக்கட்டும்னு...”

“எங்கக்காவும் அப்படித்தான் நின்னா” என்றாள். புத்தகத்தைப் புரட்டி அந்த ஒன்றும் நடக்காத கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். “இங்க பாரு. அவனுக்கு ரெண்டு கையும் வேலையா இருக்கு. முதுகக் காட்டிட்டு நிக்கறான். கதவு தொறந்திருக்கு. இந்தக் கட்டம் உனக்கு. சிரிக்கறதுக்கு இல்ல.”

அந்தப் பெண் கட்டத்தைப் பார்த்தாள். “மூணு வயசுல பொம்பளப் புள்ள இருக்குக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அவள் போன பிறகு அக்கா எழுந்து, சுவரில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். நினைவஞ்சலிக்காரர்கள் எல்லாரும் அதிர்ந்தார்கள். விரல் முட்டியெல்லாம் இரத்தம். அதே கையோடு உட்கார்ந்து நாலாம் புத்தகத்தை ஆரம்பித்தாள்.

வாட்சை எடுத்துவிடலாமே, அந்தப் பெண் பாவம் இல்லையா என்று நான் வாதாடினேன். நாம் ஒரு சிரிப்புப் புத்தகம் போடப்போய் ஒருத்தி சாகக்கூடாது என்றேன். “வாட்ச எடுத்தா அவன் நிம்மதியா அடிப்பான். யாருக்கும் தெரியாதுன்னு அடிப்பான்” என்றாள் அக்கா. எனக்கு அது சரியா தவறா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் முழுசாகத் தெரியவில்லை. அவள் சரியாகச் சொல்கிறாள் என்று நம்பிக்கொண்டு பலூன்களை நிரப்பினேன்.

நாலாம் புத்தகத்தில் வீட்டுக்காரர் வழக்கம்போல் வாட்சைக் கழற்றுகிறார். பிரிட்ஜ் பக்கம் திரும்புகிறார். அடுத்த கட்டத்தில் அடி வாங்கப் போகிற பெண் இல்லை. வாசல் கதவு திறந்து கிடக்கிறது. வாசற்படியில் எப்போதும் வரைகிற செருப்புகளும் இல்லை. அதற்கு அடுத்த கட்டத்தில் பேய் காற்றை அறைந்து, சுழன்று, பிரிட்ஜில் மோதி விழுகிறது. வாட்ச் அதன் தலையில் விழுந்து சுக்குநூறாகிறது. தீபாவளிச் சந்தையில் லிட்டில் இந்தியாவில் கடை போட்டு விற்றோம். முறுக்கு மாதிரி போனது. பாஸுக்குக் கால் தரையில் படவில்லை, உடனே மறுபதிப்பு என்று துள்ளினார்.

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வந்தான். புத்தகத்தின் பின்னட்டையில் எங்கள் முகவரி இருந்தது. மனைவியின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடியேறினான். அவள் இடுப்பில் பிள்ளை. யாரிடம் சொன்னாய் என்று இப்போது நேரில் காட்டு என்று கத்துவது படியிலேயே கேட்டது. அவன் சப்பாத்துக் காலோடு உள்ளே வந்தான். அந்த நிலைமையிலும் அவள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

பேச்சே இல்லை. கையிலிருந்த மோட்டார் ஹெல்மெட்டால் முதலில் என் கணினித் திரையை உடைத்தான். அடுத்தது சுவர். நினைவஞ்சலித் துண்டுகளை வாரி வாரிக் கிழித்தான். நான் குறுக்கே போனேன். ஹெல்மெட் என் வாயில் விழுந்தது. பாதிப் பல் நாக்கில் வந்து நின்றது. காதுக்குள் அதே ‘ங்ங்ங்’. பாஸ் கழிவறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டார்.

“எங்கப்பா மூஞ்சிய வச்சுப் பொழப்பு நடத்துறீங்களா? யாருடா வரைஞ்சது?”

“நாந்தான்டா” என்று அக்கா எழுந்து நின்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். முகம் ஒரு நொடி சின்னப் பையன் மாதிரி ஆனது. “சின்னம்மா?” என்றான். அவளை அடையாளம் தெரிந்துவிட்டது என்பதுதான் அவனுக்கு இன்னும் வெறியைக் கிளப்பியது என்று நினைக்கிறேன். “எங்கப்பா தெய்வம். தெரியுமா? ஊரே கும்பிட்டுச்சு.”

“ஊரு கும்பிட்டுச்சு. உங்கம்மா எப்படிச் செத்தா?”

“வழுக்கி விழுந்தாங்க!”

“நீ அப்ப எங்கடா நின்ன? ஹாலுலதான நின்ன? ‘டக்’னு ஒரு சத்தம் கேட்டுச்சா இல்லையா?”

அவன் ஹெல்மெட்டைக் கீழே போட்டான். எல்லாம் ஓய்ந்துவிட்டது, அழப்போகிறான் என்று நான் முட்டாள்தனமாக நினைத்தேன். அவன் இடது மணிக்கட்டைத் தூக்கினான். வாட்ச் பட்டையை அவிழ்க்க ஆரம்பித்தான். பொறுமையாக, அவசரமே இல்லாமல். கண் அறையைச் சுற்றித் தேடியது. மூலையில் நாங்கள் தண்ணீர் வைக்கிற குட்டிப் பிரிட்ஜ் இருந்தது. வாட்சைக் கையில் ஏந்திக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அதை நோக்கி நடந்தான். தான் என்ன செய்கிறோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை.

அக்கா அவனைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தாள், கழற்றி முடிக்கட்டும் என்று. அக்கா முகவாயால் கதவைக் காட்டினாள்.

மரப்படியில் வெறுங்கால்கள் தடதடவென்று இறங்குகிற சத்தம் கேட்டது. பிள்ளை வீறிட்டது. ‘டக்’ என்று வாட்ச் பிரிட்ஜ் மேல் பட்டது. அவன் திரும்பிப் பார்த்தபோது கதவோரத்தில் ஆள் இல்லை. விரட்ட ஓடினான். குறுக்கே அக்கா நின்றாள். என் ஆயுளில் அப்படி ஒரு அறையை நான் பார்த்ததில்லை. ஆறடி ஆள் மேசை மேல் மல்லாந்தான். எழுந்து வந்து இரும்பு ஸ்டூலைத் தூக்கினான். அக்கா கையை நீட்டி மறித்தாள். எலும்பு முறிகிற சத்தத்துக்கு என்ன எழுத்து என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். அவள் விழுந்த பிறகும் அடித்தான். விழுந்த பிறகும் அவள் அவன் கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஊதுபத்திக் கடை ஆட்கள் மேலே ஓடி வந்து அவனைக் கீழே தள்ளிக் கட்டிப் பிடிக்கிறவரைக்கும் அப்படியே கிடந்தாள்.

நான் பக்கத்தில் மண்டியிட்டேன். அவள் வாயெல்லாம் இரத்தம்.

“போயிட்டாளா?”

“போயிட்டாக்கா.”

“புள்ள?”

“தூக்கிட்டுத்தான் போனா.”

போலீஸில் ரிப்போர்ட் கொடுத்தோம். அந்தப் பெண் ஃபெர்ரி ஏறி, கடலுக்கு அந்தப் பக்கம் சுங்கை பாக்காப்பில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அவள் திரும்பி வரவில்லை. அதன் பிறகு அவளும் ஒரு ரிப்போர்ட் கொடுத்தாள் என்று கேள்விப்பட்டேன். அக்காவின் வலது கையில் இரும்புத் தகடு வைத்துத் தைத்தார்கள். விரல்கள் பழையபடி மடங்கவில்லை. வரிசை அந்த நாலாம் புத்தகத்தோடு நின்றுபோனது. பாஸ் வேறு ஆளை வைத்து ஐந்தாவதை முயன்று பார்த்துவிட்டு, மறுபடியும் நாட்காட்டிக்குப் போய்விட்டார். அக்காவும் பினாங்கில் இல்லை. ஜொகூர் பக்கம் போய்விட்டாள் என்கிறார்கள். தேடிப் போனால் அடிப்பாள், எனக்குத் தெரியும். ஒரு நாள் போகத்தான் போகிறேன்.

ஆனால் மறுபதிப்பு வந்தது. அது அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள், கையில் மாவுக்கட்டோடு அக்கா மாடியேறி வந்தாள். வாசலில் அந்தப் பெண்ணின் செருப்புகள் இன்னும் கிடந்தன, எடுத்துப்போட எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. நீல வார் வைத்த, பாசாரில் வாங்கிய சாதாரணச் செருப்பு. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நாலாம் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை எடுக்கச் சொன்னாள்.

“தப்பா வரைஞ்சிட்டேன் தம்பி. செருப்பு போட எங்க நேரம்? ரெண்டையும் வாசல்லயே வை.”

“நானாக்கா? எனக்கு எழுத்துதானே தெரியும்.”

இடது கையால் என் பொடனியில் ஒன்று வைத்தாள். வலது கை அளவுக்கு இல்லை, ஆனாலும் வலித்தது. குனிந்து வரைந்தேன். மறுபதிப்பில் அந்தக் கட்டத்தைப் பாருங்கள். திறந்த கதவு, அந்தப் பெண் இல்லை, வாசற்படியில் ஒரு ஜோடிச் செருப்பு. ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகக் கோணலாக இருக்கும். அவை மட்டும் நான் வரைந்தவை.